யாழை மீட்ட துறவி: விபுலானந்த அடிகளார்

தமிழை முத்தமிழ் என்று வழங்குவது நம்மவர் மரபு. மேடைதோறும் அச்சொல் ஒலிக்கின்றது, மலர்தோறும் அச்சேறுகின்றது. ஆயினும் இயல், இசை, நாடகம் என்னும் மூன்றிலும் தாமே இறங்கி உழைத்து, மூன்றிலும் நிலைத்த நூல் தந்தவர்கள் யாவர் என்று எண்ணத் தொடங்கினால் விரல்களே மிகுதியாகி விடும். அச்சிலருள் ஒருவர் ஈழத்துச் சுவாமி விபுலானந்த அடிகளார்.

அடிகளாரைப் பற்றி நம் சங்கத்து ஆண்டு மலரில் எழுதுவதற்குத் தனிக் காரணமும் ஒன்றுண்டு. அவர் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்லர். தமிழ் மட்டுமே பேசப்படும் சூழலில் தம் வாழ்நாளைக் கழித்தவரும் அல்லர். ஆங்கிலப் பள்ளியிற் பயின்று, விஞ்ஞானம் கற்று, விஞ்ஞானமே கற்பித்து, பின்பு துறவு பூண்டு, வங்கத்திலே தோன்றிய ஒரு திருச்சபையிற் சேர்ந்தவர். அத்தகைய ஒருவர்தாம், பன்னூறு ஆண்டுகளாக ஒலியடங்கிக் கிடந்த தமிழர் இசைக்கருவிக்கு மீண்டும் நரம்பு கட்டினார். தாய்மண்ணை விட்டுப் பெங்களூருவில் வந்து குடியேறி, பிள்ளைகளைக் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் பள்ளிகளுக்கு அனுப்பி வாழும் நம் குடும்பங்களுக்கு அவருடைய வாழ்வு அயலார் கதையன்று.

பிறப்பும் இளமையும்

இலங்கையின் கீழைக் கடற்கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவு என்னும் சிற்றூர் உள்ளது. இன்று அது அம்பாறை மாவட்டத்தைச் சார்ந்தது. அவ்வூரிலே 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள், சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன்.

அவ்வாண்டைப் பற்றி ஒரு செய்தியை இங்கேயே சொல்லி வைத்தல் நலம். அதே 1892இல்தான் சென்னையில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு ஏட்டுச் சுவடியினின்றும் அச்சுக்குக் கொணர்ந்தார்கள். கடலுக்கு அப்பால் ஒரு சிற்றூரிலே பிறந்த குழந்தை, பிற்காலத்தில் அந்த நூலின் ஒரு காதையை விளக்குவதற்காகவே ஆண்டுகள் பலவற்றைச் செலவிடப் போகின்றது என்பதை அன்று யார் அறிந்திருக்க இயலும்?

இளமையில் உள்ளூர் ஆசிரியரிடம் தமிழ் நூல்களைக் கற்றார் மயில்வாகனனார். கல்முனையில் மெதடிஸ்த கிறித்தவப் பள்ளியிலும், பின்பு மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பயின்றார். பதினாறாம் வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். சைவக் குடும்பத்துப் பிள்ளை கிறித்தவப் பாதிரிமாரிடம் விஞ்ஞானமும் கணிதமும் கற்றது. வீட்டிலோ தமிழ்ப் பாடல்களை மனனம் செய்தது. இரண்டில் எதையும் அது கைவிடவில்லை. அவருடைய பிற்கால ஆராய்ச்சிக்கு வேண்டிய இரு கருவிகளும், கணக்கும் காவியமும், அப்பருவத்திலேயே அவர் கைக்கு வந்து சேர்ந்துவிட்டன.

ஆசிரியர் மயில்வாகனனார்

கற்ற பள்ளியிலேயே கற்பிக்கும் பணியையும் மேற்கொண்டார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் வென்றார். ஈழத்திலிருந்து அப்பட்டத்தை முதன்முதலாகப் பெற்றவர் அவரே என்று கூறுவர். ஒரே ஆண்டில், ஒரு கையில் இரசாயனம். மற்றொரு கையில் தொல்காப்பியமும் திருக்குறளும்.

ஈண்டுச் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். அன்றைய நாளில் ஆங்கிலங் கற்றோர்க்குத் தமிழ்ப் பண்டிதப் பட்டத்தால் ஊதியம் உயர்வதில்லை, உத்தியோகமும் வருவதில்லை. விஞ்ஞானப் பட்டம் ஒன்றே வாழ்க்கைக்குப் போதுமானதாயிருந்தது. அவர் தமிழ் கற்றது தமிழ் வேண்டும் என்பதற்காகவே. பயன் கருதாது கற்ற அந்தக் கல்விதான் பின்னர் அவரை அவராக்கியது.

1917இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றார். முப்பது வயது நிரம்பாத ஒருவருக்கு அது பெரும் பதவி. நல்ல ஊதியம், ஊரில் மதிப்பு, உறவினர் பெருமை அனைத்தும் வாய்த்தன. அத்தருணத்திலேதான் அவர் அனைத்தையும் துறந்தார்.

துறவும் தொண்டும்

1897ஆம் ஆண்டு சனவரியில் விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து மீண்டபோது முதலில் வந்திறங்கிய இடம் கொழும்பு. அன்று முதல் ஈழத்துச் சைவரிடையே இராமகிருஷ்ண இயக்கத்தின்பால் பற்று வளர்ந்து வந்தது. சென்னை மடத்துத் துறவியரின் தொடர்பு மயில்வாகனனாரின் உள்ளத்தையும் ஈர்த்தது. 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயர் ஏற்றார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார். பெங்களூரு பசவனகுடியில் காளைக் கோவில் சாலையிலுள்ள இராமகிருஷ்ண மடத்தை அறியாதார் நம்முள் இலர். அம்மடம் சார்ந்த அதே துறவியர் சபையின் உறுப்பினரே நம் அடிகளார்.

துறவிக்கு ஊதியம் இல்லை. ஆனால் உழைப்பு உண்டு. இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகிய இதழ்களின் ஆசிரியப் பணியில் ஈடுபட்டார். விவேகானந்தரின் யோக நூல்களைத் தமிழாக்கினார். 1925இல் ஈழத்துக்கு மீண்டு, மிஷன் பள்ளிகளின் பொறுப்பை ஏற்றார். கிழக்கு மாகாணத்தின் ஏழைச் சிற்றூர்களிலே பள்ளிகளை நிறுவியும் நிறுவியவற்றைப் பேணியும் வந்தார். 1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். திருகோணமலை இந்துக் கல்லூரியும் யாழ்ப்பாணம் வைத்தீசுவர வித்தியாலயமும் அவருடைய மேற்பார்வையில் வளர்ந்தன.

வீட்டைத் துறந்தாரேயன்றி வகுப்பறையைத் துறந்தாரில்லை. காவியுடுத்த பின்னரும் அவர் கையிற் புத்தகமும் கரும்பலகைச் சுண்ணமும் இருந்தன.

நாடகத் தமிழுக்கு ஒரு நூல்

துறவு பூண்ட அண்மையில், மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் ஆங்கில நாடகப் புலவர் ஷேக்ஸ்பியரைப் பற்றி அடிகளார் சொற்பொழிவாற்றினார். அப்பொழிவே விரிந்து 1926இல் மதங்க சூளாமணி என்னும் நூலாக வெளிவந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் பன்னிரண்டின் கதைப்போக்கையும் சுவையையும் தமிழர்க்கு எடுத்துக்காட்டி, வடமொழித் தசரூபகம் கூறும் நாடக இலக்கணத்தோடும், சிலப்பதிகார உரையிற் கிடைக்கும் நாடகத் தமிழ்க் குறிப்புகளோடும் இணைத்துக் காட்டுகின்றது அந்நூல்.

ஆங்கிலம், வடமொழி, தமிழ் என்னும் மூன்று மரபுகளையும் ஒருங்கே வைத்துக் கற்கும் முறை அது. எது உயர்ந்தது எது தாழ்ந்தது என்று வழக்காடுவது அவர் நோக்கமன்று. ஒன்றின் ஒளியிலே மற்றொன்றைப் படித்தார். பிற மொழிக் கல்வி தாய்மொழிப் பற்றைக் குறைத்துவிடும் என்று அஞ்சுவோர்க்கு அடிகளாரின் நூல்களே விடையாக நிற்கின்றன.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அவர் ஆழ்ந்து படிக்கத் தொடங்கியதும் இக்காலத்தேயாகும். நாடகத்துக்காக அக்காதையைத் திறந்தவர், அதனுள்ளே யாழைக் கண்டார். கண்ட பிறகு அதைவிட்டு அவரால் வெளியே வர இயலவில்லை.

சிதம்பரத்தில் ஈராண்டுகள்

1929இல் அண்ணாமலை அரசரின் கொடையாற் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் அடிகளார் அமர்த்தப்பெற்றார். துறவி ஒருவர், அதுவும் ஈழத்தவர், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்க வந்தார்.

அங்கு அவர் செய்த பணிகளில் இரண்டைத் தனித்துச் சொல்லுதல் வேண்டும். ஒன்று, பாரதியாரைப் பற்றியது. பாரதியார் மறைந்து பத்தாண்டுகளே கழிந்திருந்த காலம் அது. அவர் பாடல்களைப் புலவர் பலர் இலக்கியமாகவே ஏற்றிலர். அடிகளாரோ மாணவரிடையே பாரதி கழகம் கண்டு, அப்பாடல்களைப் பயிலவும் பாடவும் செய்தார். சங்க நூலில் தோய்ந்த ஒருவர் புதுக்கவிஞர் ஒருவரைப் பல்கலைக்கழகத்துள்ளே கைப்பிடித்து அழைத்து வந்த செயல் அது.

மற்றொன்று, பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்தில் நிகழ்ந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரிக்குப் பேராசிரியர் நடந்து சென்றார். அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பகலிற் பல்கலைக்கழக மாணவர்க்குச் சிலப்பதிகாரம். அம்மாணவர் சென்ற பின் சேரிச் சிறார்க்கு அரிச்சுவடி. இரண்டையும் ஒரே பணியாகவே அவர் கருதினார். அந்நாளில் அது பலர்க்கு முகச்சுளிப்பைத் தந்த செயல் என்பதை நாம் மறத்தலாகாது.

1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க வேண்டுமாயின் அதற்குரிய சொற்களை முதலில் ஆக்க வேண்டும். இரசாயனமும் தமிழும் ஒருசேரக் கற்றவர் அப்பணிக்கு வாய்த்தது தமிழின் நற்பேறு. பின்னர் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் தங்கிப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழையும் நடத்தினார். பனிமலையின் தனிமையிலும் அவருடன் சென்றவை சிலப்பதிகாரமும் யாழ்க் கணக்குகளுமே.

ஒலியடங்கிய கருவி

யாழ் என்பது யாது? நம் வீடுகளில் நாம் அறிந்தது வீணை. அதிலும் மைசூர் நாட்டு வீணையின் சிறப்பை இந்நகர்த் தமிழர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. வீணை சேஷண்ணா போன்ற பெருவித்தகர்கள் வாழ்ந்த நாடு இது. வீணையிலே ஒரு நரம்பின்மேல் விரலை வைத்து மெட்டுக்கு மெட்டு நகர்த்தினால் சுரங்கள் பல பிறக்கும். யாழின் அமைப்பு வேறு. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு நரம்பு தனியே கட்டப்பட்டிருக்கும். நரம்பை வெறுமனே தெறித்தால் அதற்குரிய சுரம் ஒன்றே ஒலிக்கும். ஆகவே யாழில் நரம்புகள் பல. பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோட யாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரையாசிரியர் கணக்குத் தருகின்றார்.

வேடனின் வில்லில் நாண் அதிர்ந்த ஓசையே யாழுக்கு வித்து என்பர் அறிஞர். அவ்வகையான வில்வடிவக் கருவிகள் உலகிற் பல பண்டை நாடுகளில் இருந்தன. சுமேரியாவின் ஊர் என்னும் நகரத்து அரச கல்லறைகளிலும் நரப்புக் கருவிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. இந்தியாவிலிருந்து கீழ்த்திசை சென்ற வில்யாழின் வழிவந்த சவுங் என்னும் கருவி மியன்மாரில் இன்றும் ஒலிக்கின்றது. தமிழகத்திலோ பாணரும் பாடினியரும் ஏந்திய யாழ், சோழப் பேரரசின் காலத்தை ஒட்டி மெல்ல மெல்ல வழக்கொழிந்து, அவ்விடத்தை வீணை பற்றிக்கொண்டது.

யாழ் வழக்கில் இருந்த நாளிலேயே அதற்கு ஓர் இடர் நேர்ந்ததாகப் பெரியபுராணம் கூறும். திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழிலிட்டு வாசித்து உடன்சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகத்தின் இசை யாழுக்குள் அடங்காதாக, பாணர் மனம் நொந்து யாழை உடைக்கத் துணிந்தார். பிள்ளையார் தடுத்தருளினார். அன்று உடைபடாது தப்பிய யாழ், பின்னர் எவரும் உடைக்காமலேயே மறைந்து போயிற்று. வாசிப்பார் இல்லாமையே அதற்குப் போதுமானதாயிற்று.

எஞ்சியவை சொற்கள் மட்டுமே. கோவலனும் மாதவியும் கடற்கரையிலே ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி வாசித்து, அதனாலேயே பிரிந்து போன அந்த யாழ் என்ன வடிவினது, எவ்வாறு சுருதி கூட்டப்பட்டது என்பதை அறிந்தவர் எவரும் இலர். அடியார்க்கு நல்லாரின் உரை உதவும். ஆனால் அவ்வுரை சான்றாகக் காட்டும் இசைத்தமிழ் நூல்களே மறைந்துவிட்டன. அவற்றுள் ஒன்றாகிய பஞ்சமரபு 1970களிலேதான் அச்சேறியது. அடிகளாருக்கு அது கிட்டவில்லை. கருவியும் இல்லை, கருவியைச் சொல்லும் நூல்களும் இல்லை, அந்நூல்களை மேற்கோள் காட்டும் உரையொன்றே அவர் கையில் இருந்தது.

யாழ்நூல் பிறந்த வகை

அடிகளார் பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்தார். இலக்கியம் படிப்போர் பலர் அரும்பத அகராதியைப் பார்த்துக் கடந்து செல்லும் வரிகளை அவர் கணக்கு வழியே அணுகினார்.

பண்டைத் தமிழர் ஏழு சுரங்களுக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிட்டிருந்தனர். ஒரு நரம்பைத் தெறித்து, அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் ஒலிக்கச் செய்தால், முன்னைய ஒலிக்கு இன்பமாக ஒத்த ஐந்தாம் சுரம் பிறக்கும். குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு இது. சட்சமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள உறவும் இதுவே. இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாகக் கொண்டு சென்றால் எல்லாச் சுரங்களையும் அடையலாம். சுரங்களிடையே உள்ள இத்தகைய தொடர்புகளை இணை, கிளை, பகை, நட்பு என்று உறவுப் பெயர்களால் வழங்கினர் நம் முன்னோர். இச்சொற்களின் பின்னே இருக்கும் எண்களைத் தேடிக் கண்டார், பௌதிகம் கற்ற அத்துறவி.

ஆய்ச்சியர் குரவையிலே எழுவர் கன்னியரை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயரை இடுகின்றாள் மாதரி. படிப்பார்க்கு அது குரவைக் கூத்து. அடிகளாருக்கு அது சுருதி கூட்டும் சக்கரம். பன்னிரண்டு இராசிகளும் நின்ற வட்டத்தில் ஏழு சுரங்களை நிறுத்தி, குரலின் இடத்தை மாற்ற மாற்றப் பாலைகள் பிறக்கும் முறையை அவர் கணித்துக் காட்டினார். கலையை அறிந்தவர் கணக்கை அறிவதில்லை. கணக்கை அறிந்தவர் காவியத்தைத் தொடுவதில்லை. இருவரும் ஒருவராக இருந்தமையாலேயே அக்கதவு திறந்தது.

நூலறிவு ஒன்றையே அவர் நம்பியிருக்கவில்லை. பழைய சிற்பங்களிலே யாழின் வடிவத்தைத் தேடினார். இசைவாணர்களுடன் அமர்ந்து பண்களைக் கேட்டார். கணக்கிட்ட அளவுகளின்படி யாழ்களைச் செய்வித்து, நரம்பு கட்டி, ஒலித்துப் பார்த்தார். ஏட்டிலே சரியாகத் தோன்றியது காதுக்குச் சரியாக இருக்கின்றதா என்பதையும் சோதித்தல் விஞ்ஞான ஆசிரியரின் வழக்கம் அன்றோ?

இடையிடையே உடல்நலம் குன்றியது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பில் அமர்ந்தபோதும் யாழ் ஆராய்ச்சி நிற்கவில்லை. புதுக்கோட்டையைச் சார்ந்த வள்ளல் சிதம்பரஞ் செட்டியார் ஆதரவளித்தார். தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் அடிகளாரின் கட்டுரைகளைத் தம் தமிழ்ப்பொழில் இதழில் வெளியிட்டு ஊக்கினர். இறுதியில் நூலை வெளியிடும் பொறுப்பையும் ஏற்றனர். பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களாய், யாழின் உறுப்பும், நரம்பும், பாலையும், பண்ணும், தேவார இசையும் விளக்குவதாய் யாழ்நூல் நிறைவெய்தியது.

மட்டக்களப்பு வாவிக்கும் அந்நூலில் இடமுண்டு. நிலவு காயும் இரவுகளிலே அவ்வாவியின் நீரடியிலிருந்து ஓர் இன்னொலி எழும் என்பது கல்லடியில் வாழ்வோர் நெடுங்காலமாக அறிந்த செய்தி. மீன் பாடுகின்றது என்பர் மக்கள். அதனை நீரர மகளிரின் பாடலாகக் கற்பனை செய்து அடிகளார் செய்யுளாக்கினார். கடுங்கணக்கு நிறைந்த ஆராய்ச்சி நூலுள்ளே தம் ஊர் நீரின் ஓசைக்கும் ஓர் இருக்கை தந்தார்.

அரங்கேற்றம்

அரங்கேற்று காதையை ஆராய்ந்து பிறந்த நூலுக்கு அரங்கேற்றமும் பண்டைய முறைப்படியே நிகழ்ந்தது. அதற்குத் தேர்ந்த தலம் திருக்கொள்ளம்பூதூர். ஆற்றிலே வெள்ளம் பெருகி ஓடக்காரர் ஓடஞ்செலுத்த அஞ்சியபோது, சம்பந்தர் பதிகம் பாட, அப்பாட்டே கோலாகி ஓடம் அக்கரை சேர்ந்தது என்பது அத்தலத்தின் வரலாறு. பாட்டின் ஆற்றலால் ஓடம் சென்ற ஊரிலே, 1947ஆம் ஆண்டு சூன் 5, 6 ஆகிய நாட்களில், திருக்கோவிலின் முன்னிலையில் யாழ்நூல் அரங்கேறியது.

தமிழறிஞரும் இசைவாணரும் திரண்டனர். அடிகளார் கணித்த அளவின்படி செய்யப்பட்ட யாழ்கள் ஊர்வலமாக எடுத்து வரப்பட்டன. தஞ்சை நால்வரின் மரபில் வந்த க.பொ. சிவானந்தம் பிள்ளை யாழை வாசித்தார். பன்னூறு ஆண்டுகளாகச் சொல்லாக மட்டுமே இருந்த ஒன்று மீண்டும் ஒலியாயிற்று. புத்தகத்தை எழுதி முடித்ததோடு நில்லாமல், அப்புத்தகம் சொல்வதைக் காதாற் கேட்பிக்கவும் செய்தார் அடிகளார். அன்று அவருக்கு வயது 55.

மறைவு

அரங்கேற்றம் முடிந்து ஈழம் திரும்பிய அடிகளார் நெடுநாள் இருந்தாரில்லை. ஆறு வாரங்களே கழிந்தன. 1947ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 19ஆம் நாள் கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். அவர் திருமேனியை மட்டக்களப்புக்குக் கொணர்ந்து, அவர் தோற்றுவித்த சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே அடக்கம் செய்தனர். இறைவன் உவக்கும் மலர் எது என வினவி, உள்ளத்தையும் கூப்பிய கையையும் விழியையுமே மலராகக் காட்டும் அவருடைய செய்யுள் ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைகள் வாயில் இன்றும் வாழ்கின்றது. பள்ளிப் பிள்ளைகளின் குரல் கேட்கும் இடத்திலே அவ்வாசிரியர் உறங்குகின்றார்.

யாழ்நூலின் முடிவுகள் அனைத்தையும் பின்வந்தோர் அப்படியே ஏற்றுக்கொண்டனர் என்று கூறுவதற்கில்லை. இசையாராய்ச்சியாளர் சிலர், பண்டைச் சுரங்களையும் பாலைகளையும் இன்றைய இராகங்களோடு பொருத்தியதில் அவரோடு மாறுபட்டனர். ஆராய்ச்சிக்கு அது இயல்பே. அவருக்கு முன் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் தந்தார். அதனோடு மாறுபட்ட இடங்கள் யாழ்நூலிலும் உண்டு. மாறுபடுவதற்கேனும் ஒரு நூல் முன்னே இருத்தல் வேண்டும். அவர்கள் இட்ட வரப்பின்மேல் நின்றே பின்னையோர் நிலத்தை அளந்தனர். மட்டக்களப்பில் இன்று அவர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் ஒன்று இயங்குகின்றது. தமிழகத்து இளைஞர் சிலர் மரத்தைக் குடைந்து யாழ் செய்து வாசிக்கவும் தொடங்கியுள்ளனர்.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

ஒரு கருவி மறைவதற்குப் பகைவர் வேண்டியதில்லை. ஒரு தலைமுறை வாசிக்காது விட்டால் போதும். அடுத்த தலைமுறைக்கு அதன் பெயர் மட்டும் தெரியும். அதற்கடுத்த தலைமுறைக்குப் பெயரும் ஐயமாகிவிடும். யாழுக்கு நேர்ந்தது எழுத்துக்கும் நேரலாம். அல்சூரிலும் சீராமபுரத்திலும் நகரின் புதிய குடியிருப்புகளிலும் வாழும் நம் பிள்ளைகளுள், தமிழைப் பிழையின்றிப் பேசி, ஒரு வரியேனும் படிக்க மாட்டாதவர் எத்துணைப் பேர் என்பதை அவரவர் இல்லத்தை நோக்கியே அறிந்து கொள்ளலாம். பாட்டியிடமிருந்து வரும் கடிதத்தைத் தந்தை படித்துக் காட்டக் கேட்கும் பிள்ளைக்குத் தமிழ் செவியில் இருக்கின்றது, கண்ணில் இல்லை. யாழோ சொல்லில் இருந்தது, செவியில் இல்லை. குறை ஒன்றே, இடம் மட்டும் மாறியது.

இதற்கு மருந்து பழம்பெருமை பேசுதல் அன்று என்பதை அடிகளாரின் வாழ்வு காட்டுகின்றது. யாழின் பெருமையைப் பற்றி மேடையில் முழங்கியிருப்பாராயின் அவருக்குக் கைத்தட்டல் கிடைத்திருக்கும், யாழ் கிடைத்திராது. அவர் உட்கார்ந்து படித்தார். படித்ததைக் கணக்கிட்டார். கணக்கிட்டதைக் கருவியாக்கினார். அதற்கிடையே அண்டையிலிருந்த சேரிப் பிள்ளைக்கு அரிச்சுவடி கற்பிப்பதையும் சிறு பணி என்று ஒதுக்கினாரில்லை.

பிற மொழிகளைக் கண்டு அவர் அஞ்சவும் இல்லை. ஆங்கிலமும் வடமொழியும் அவர் தமிழுக்கு ஏவல் செய்தன. நாம் வாழும் இந்நாட்டின் கன்னடத்தை நம் பிள்ளைகள் நன்றாகக் கற்கட்டும். அது நம்மைத் தாங்கும் நிலத்தின் மொழி. ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்கட்டும். அவை சோறிடும் கல்விகள். இவற்றோடு நாள்தோறும் அரைமணி நேரம் தமிழ் எழுத்துக்கும் உரியதாகட்டும். விஞ்ஞான டிப்ளோமாவும் பண்டிதப் பட்டமும் ஒரே ஆண்டிற் பெற்ற மயில்வாகனனார் அதற்குச் சான்று.

நரம்பு கட்டாத யாழ் மரத்துண்டு. தமிழ்ப் புத்தகம் திறவாத வீடும் அத்தகையதே. நரம்பு கட்டும் பணி நம் பெற்றோரிடமும், சங்கத்து ஞாயிறு வகுப்பிலே அமரும் இளஞ்சிறாரிடமும் இருக்கின்றது. கட்டிவிட்டால் ஒலி தானே எழும்.

வாழ்க அடிகளார் புகழ்! வளர்க முத்தமிழ்!